இடது உதை வலது காலில் இருக்கிறது

கோப்பாயிலிருந்து 16 வயதுத் தங்கச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு வருடமாக ஷோட்டோக்கான் கராத்தே பழகுகிறார். இன்னும் மூன்று மாதத்தில் பிறவுண் பெல்ற் சோதனை. வலது காலால் மவாஷி கெரி (பக்கவாட்டில் சுழற்றி அடிக்கிற உதை) அடித்தால் எதிரே நிற்பவரின் காது வரைக்கும் போகிறது. இடது காலால் அடித்தால் இடுப்புக்கு மேலே ஏறுவதில்லை. வற்புறுத்தி ஏற்றினால் தானே விழப் பார்க்கிறார். "இடது காலைக் கூடப் பழக்கு" என்று மாஸ்டர் சொன்னதால், ரியூசன் முடிந்து வந்து இரவில் முற்றத்தில் நாளுக்கு 200 இடது உதை. இரண்டு கிழமையாக இடது கவட்டில் நோ. "இது பிறவிக் குறையா அக்கா? 200ஐ 300 ஆக்கினால் சரிவருமா?" என்று கேட்கிறார். கடிதம் முடிந்து, பெயருக்கும் கீழே, ஒரு வரி: "இரண்டு வருடத்துக்கு முதல் வலைப்பந்து விளையாடும்போது வலது கணுக்கால் சுளுக்கினது, இப்ப சுகம்."

தங்கச்சி, அந்தக் கடைசி வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒன்று. இன்றிரவே அந்த 200ஐ நிறுத்துங்கள். 300 என்ற பேச்சே வேண்டாம். ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இப்போது எழும்பி நில்லுங்கள். இடது காலால் உதைப்பதாக நினைத்து, இடது முழங்காலை மட்டும் மார்பளவுக்குத் தூக்குங்கள். உங்கள் உடம்பின் பாரம் முழுவதும் எங்கே நிற்கிறது? வலது பாதத்தில். இடது உதை ஒன்று தொடங்கி முடியும் வரை வலது கால்தான் உங்களைத் தாங்குகிறது, திருப்புகிறது, விழாமல் வைத்திருக்கிறது. அந்த அத்திவாரம் ஆடினால் மேலே போகிற கால் உயராது. உயர்த்த உடம்பு விடாது. விழப்போகிறோம் என்று தெரிந்தவுடன் மூளை உதைக்கிற காலை இழுத்துக் கீழே வைத்துவிடும். அதைத்தான் நீங்கள் "இடது கால் ஏறுதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இயன்மருத்துவராக நான் பார்த்த கராத்தே, தேக்வொண்டோ பிள்ளைகளில் "ஒரு பக்கம் சரிவருதில்லை" என்று வந்தவர்கள் எல்லோருமே உதைக்கிற காலைத்தான் காட்டுவார்கள். நான் மற்றக் காலைத் தொட்டுப் பார்த்தால் முகத்தில் ஒரு ஆச்சரியம் வரும்.

பிறவிக் குறையா என்று கேட்டீர்கள். இல்லை. வலது கைப் பழக்கம் போல வலது கால் பழக்கமும் பெரும்பாலான ஆட்களுக்கு உண்டு. பந்தை உதைப்பது, படியில் முதலில் ஏறுவது எல்லாம் வலது காலால். அந்த நேரமெல்லாம் நிற்பது இடது கால். எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது, அதுதான் சைக்கிள். நீங்கள் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். சைக்கிளுக்கு இடப்பக்கம் நின்று, இடது காலைப் பெடலில் ஊன்றி, வலது காலை மற்றப் பக்கம் போடுகிறீர்கள். சந்தியில் நிறுத்தினால் தெருவோரம் ஊன்றுவதும் இடது கால். ஏழு, எட்டு வயதிலிருந்து பள்ளிக்கூடம், ரியூசன், கடை, கோயில் என்று எத்தனை ஆயிரம் தரம் இது நடந்திருக்கும்! உங்கள் இடது கால் நிற்பதற்கும் வலது கால் வீசுவதற்கும் கராத்தேக்குப் போகுமுன்னரே பழகிவிட்டன. நம்பிக்கை இல்லையென்றால் வளவுக்குள், அசையாமல் ஸ்டாண்டில் நிற்கிற சைக்கிளில் வலப்பக்கத்தால் ஏறிப் பாருங்கள். தெருவில் வேண்டாம். சைக்கிளே ஓடத் தெரியாத ஆள் மாதிரி உடம்பு திகைக்கும்.

இந்த இயல்பான வித்தியாசத்துக்கு மேலே உங்களுக்குச் சுளுக்கும் நடந்திருக்கிறது. கணுக்கால் உட்புறமாக மடங்கிச் சுளுக்கும்போது வெளிப்பக்கத்து இணையங்கள், அதாவது எலும்பை எலும்போடு கட்டி வைத்திருக்கிற நார்கள், இழுபட்டுப் போகும். வீக்கம் வற்றி, நோ போய், நடக்கத் தொடங்கியதும் சுகம் என்று நினைக்கிறோம். வீட்டில் நோ எண்ணெய் பூசியிருப்பார்கள், முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கவும் கூடும். நோ தணிய அவை உதவியிருக்கும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இணையங்களுக்குள் பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லுகிற நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கின்றன. சுளுக்கோடு அவையும் பழுதுபடுகின்றன. பாதம் சாயத் தொடங்கியதும் இழுத்துப் பிடிக்க வேண்டிய கெண்டைக்கால் வெளித்தசைகள் கொஞ்சம் பிந்தி வேலை செய்யும். நடக்கும்போது இது தெரியாது. ஒற்றைக் காலில் நின்று, அந்தப் பாதத்தையே திருப்பி, மற்றக் காலை வேகமாக வீசும்போது தெரியும். மவாஷி கெரி என்பதே அதுதான்.

நான் சொல்வது சரியோ பிழையோ என்று நீங்களே பார்க்கலாம். ஒரு கொப்பியும் அடிமட்டமும் எடுங்கள்.

சுவருக்கு முன் வெறுங்காலோடு நில்லுங்கள். குதி நிலத்தை விட்டு எழும்பாமல், முழங்காலை மடித்துச் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள், திரும்பத் தொடுங்கள். இனிமேல் குதி எழும்பாமல் தொட முடியாது என்கிற இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். இரண்டு காலுக்கும் செய்யுங்கள். இரண்டுக்கும் 2 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பழைய சுளுக்கு இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தி இறக்குங்கள். சமநிலைக்கு மட்டும் சுவரில் ஒரு விரல். உங்கள் வயதுக்கு 20 முதல் 25 தரம் நல்லது. வலது கால் 12இல் களைத்து இடது கால் 24 போனால் விடை தெரிந்துவிட்டது.

மூன்றாவதுக்குத் தங்கச்சியையோ அம்மாவையோ பின்னால் நிறுத்தி, போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வலது காலில் நின்று இடது முழங்காலைத் தூக்கி 20 விநாடி. வீடியோவில் நாரிக்குக் கீழே இரண்டு பக்க இடுப்பெலும்பும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா, இடது பக்கம் கீழே சரிகிறதா என்று பாருங்கள். சரிந்தால், அல்லது உடம்பு முழுக்க வலப்பக்கம் சாய்ந்தால், வலது இடுப்பின் வெளிப்பக்கத்துத் தசை பிடிக்கவில்லை என்று அர்த்தம். இடுப்பு சரிந்தபடி கால் உயராது. கூரையைத் தாங்குகிற கப்பு சாய்ந்தால் வளை மட்டமாக நிற்குமா?

சரி, கவட்டு நோவுக்கு வருவோம். வலது கால் நம்பி நிற்க விடாதபோது, இடது காலை வீச்சில் உயர்த்தப் பார்த்திருப்பீர்கள். இடுப்பு திரும்பியிருந்தால் கால் இயல்பாக உயரும். திரும்பாத இடுப்பில் காலை மட்டும் பக்கவாட்டில் தூக்கினால் உட்தொடைத் தசையை இழுத்துப் பிய்ப்பது போலாகும். அதையே இரவுக்கு 200 தரம், அதுவும் நாள் முழுக்கக் கதிரையில் இருந்து இறுகிப்போன தசையில். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, நடுவில் சுருட்டிய துவாயை வைத்து நெருக்குங்கள். நோகிற இடத்திலேயே நொந்தால் உட்தொடைத் தசையின் வேர்தான். பெரும்பாலும் ஓய்வும் மெதுவான பயிற்சியும் போதும். நோ மெல்லியதாக இருந்தால் அந்தத் துவாய் நெருக்கலே முதல் மருந்து: 10 விநாடி, ஐந்து தரம், காலமையும் பின்னேரமும். நோ 10க்கு 3ஐத் தாண்டாத அளவுக்கு மட்டும் நெருக்குங்கள்.

ஆனால் உங்கள் வயதில் நான் கவனமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இடுப்பெலும்பில் தசைகள் ஒட்டுகிற முனைகள் 16 வயதில் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. பலமாக உதைக்கும்போது தசை கிழிவதற்குப் பதில் அந்த எலும்பு முனையே பெயர்ந்து வரலாம். உதைக்கும்போது "டக்" என்று ஏதாவது விட்ட உணர்வு, நொண்டி நடத்தல், இடுப்பெலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் கடும் நோ, இரவில் நித்திரையைக் குழப்புகிற நோ, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வைத்தியரிடம் போய் எக்ஸ்றே எடுங்கள். இரண்டு கிழமை முழு ஓய்வுக்குப் பிறகும் நோ குறையவில்லை என்றாலும் போங்கள். எண்ணெய் பூசி உருவிப் பார்ப்போம் என்று மட்டும் இருக்க வேண்டாம்.

எனக்கு 17 வயதில் இதே இடது கால்தான் பிரச்சினை. எனக்குச் சொல்லித்தந்தவர் என்னைச் சுவரோடு இருத்தி, இரண்டு பேரை விட்டு என் கால்களை இரண்டு பக்கமும் தள்ளச் சொன்னார். தொடைக்குள் ஏதோ கிழிந்தது கேட்டது. நான்கு மாதம் ஒழுங்காக நடக்கவில்லை, பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியும் போயிற்று. இன்றைக்கும் சில வகுப்புகளில் பிள்ளைகளை அப்படித் தள்ளுவதைக் காண்கிறேன், கோபம் வருகிறது. யாரையும் உங்கள் காலைத் தள்ள விடாதீர்கள். இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆளுக்கு ஆள் ஆழத்திலும் திசையிலும் வித்தியாசம். எலும்பு எலும்பில் முட்டுகிற இடத்துக்கு மேல் எவர் தள்ளினாலும் உயரம் கூடாது.

இனி என்ன செய்வது?

முதல் இரண்டு கிழமை இடுப்புக்கு மேல் இடது உதை இல்லை. வகுப்புக்குப் போங்கள், கை வேலை, கட்டா (தனியே வரிசையாகச் செய்கிற அசைவுத் தொடர்) எல்லாம் செய்யுங்கள். வலது பாதத்துக்கு வேலை கொடுங்கள். காலமை பல் தீட்டும்போது வலது காலில் நில்லுங்கள், ஆனால் கிணற்றடியில் வேண்டாம், பாசி வழுக்கும்; விறாந்தையில் நில்லுங்கள். இரண்டு நிமிடம் ஆடாமல் வந்ததும் கண்ணை மூடுங்கள். அதுவும் வந்ததும் நாலாக மடித்த போர்வை மேல். பிறகு ஒற்றைக் காலில் நின்றபடி சுவருக்குப் பந்து எறிந்து பிடியுங்கள். சின்ன வயதில் எட்டுக்கோடு கீறிக் கெந்தி விளையாடியிருப்பீர்கள். நோ இல்லாமல் குதி உயர்த்தல் 20 வந்த பிறகு, அதே கெந்தலை வலது காலில் முன்னுக்கும் பக்கவாட்டுக்கும் செய்யுங்கள். இதைவிட நல்ல கணுக்கால் பயிற்சி எனக்குத் தெரியாது.

இடுப்புக்கு, சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பழைய ரியூப் ஒன்று கேட்டு வாங்குங்கள். வளையமாகக் கட்டி இரண்டு முழங்காலுக்கும் சற்று மேலே போட்டு, கொஞ்சம் குந்தின மாதிரி நின்று, விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் பக்கவாட்டில் நடவுங்கள். போய் வருவது ஒரு தரம், அப்படி நான்கு. இடுப்பின் வெளிப்பக்கம் எரிய வேண்டும். தொடையின் முன்பக்கம்தான் எரிகிறது என்றால் முழங்கால் உள்ளே விழுகிறது, பார்த்துத் திருத்துங்கள்.

மூன்றாம் கிழமையிலிருந்து ஊன்றுகால் திருப்பம். மவாஷி கெரியில் ஊன்றிய பாதத்தின் குதி எதிராளியை நோக்கித் திரும்ப வேண்டும். குதி திரும்பினால்தான் இடுப்பு திரும்பும். உங்கள் வலது உதையை வீடியோவில் பாருங்கள், இடது குதி தானாகச் சுழன்றிருக்கும். இடது உதையில் வலது பாதம் முன்னோக்கியே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று பந்தயம் கட்டுவேன். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதையும் முழங்கால் வாங்கும், அது உட்தொடை நோவை விடப் பெரிய கதை. முற்றத்து மணலில் பாதம் புதையும், சொரசொரப்பான சீமெந்தில் ஒட்டும். அதனால் வீட்டுக்குள் வழுவழுப்பான நிலத்தில், வலது காலுக்கு மட்டும் பழைய சொக்ஸ் போட்டு, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள். இடது முழங்காலை உயர்த்துங்கள். பாரத்தைப் பாதத்தின் முன்பகுதிக்கு ஒரு கணம் கொண்டுவந்து குதியைத் திருப்புங்கள். குதியை நிலத்தில் வையுங்கள். நில்லுங்கள். திரும்பி வாருங்கள். உதை கிடையாது. 10 தரம், மூன்று சுற்று. சலிப்பான வேலைதான், ஆனால் உங்கள் இடது உதை இங்கேதான் செய்யப்படுகிறது.

அதன் பிறகுதான் உதை, அதுவும் நான்கு எண்ணிக்கையில். ஒன்று, முழங்கால் மேலே. இரண்டு, குதியும் இடுப்பும் திரும்பட்டும். மூன்று, காலை நீட்டுங்கள். நான்கு, மடித்து இழுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விநாடி நில்லுங்கள். இடுப்பு உயரம் போதும். வேகமாக அடிக்கும்போது வீச்சு பிழைகளை மறைத்துவிடும். மெதுவாக அடிக்கும்போது எங்கே ஆடுகிறதென்று வெளியே வரும். வலது காலை ஆசிரியராக வைத்துக்கொள்ளுங்கள். வலதால் ஒன்று அடித்து, கண்ணை மூடி, முழங்கால் எப்போது வந்தது, இடுப்பு எப்போது போனது என்று நினைவுக்குக் கொண்டுவந்து, உடனே இடதால் ஒன்று. இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு கையைப் பழக்கினால் பழக்காத மற்றக் கையும் கொஞ்சம் பலம் பெறும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் 1894இலேயே கண்டிருக்கிறார்கள். தசை வளர்வதால் நடப்பதில்லை, மூளையும் நரம்பும் கற்றுக்கொள்வதால் நடப்பது. ஆகவே இடது கவடு நோகிற நாட்களில் வலது உதையை மெதுவாக, ஒழுங்காகப் பழகினாலும் அந்த நேரம் வீண் போகாது.

எத்தனை? ஒரு நாளைக்கு 30. கிழமையில் நான்கு நாள். உடம்பு சூடான பிறகு, களைக்க முதல், இடதை முதலில் செய்யுங்கள். வலதுக்கு 20 போதும். உருக் குலைந்த உதை தொடர்ந்து மூன்று வந்தால் எண்ணிக்கை எதுவானாலும் அன்றைக்கு நிறுத்துங்கள், ஏனென்றால் நாலாவது உதையிலிருந்து உடம்பு பிழையைத்தான் மனப்பாடம் செய்கிறது. நீங்கள் இதுவரை அடித்த 200இலும் கடைசி 150 அப்படிப்பட்டவை என்று நினைக்கிறேன். இரவு ரியூசன் முடிந்து களைத்து வந்து செய்வதையும் விடுங்கள். நல்ல நித்திரையில்தான் கற்றது மூளையில் படியும்.

தொடங்கும்போது காலை முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும் தளர்வாக ஆட்டுங்கள், ஒவ்வொன்றும் 15 தரம். நீண்ட நேரம் பிடித்து நீட்டுகிற நீட்டல்கள் பயிற்சி முடிந்த பிறகு. உதைக்க முதல் ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால் சிறிது நேரத்துக்குத் தசையின் சட்டென்று எழும்புகிற பலம் குறையும்.

ஆறாம் கிழமை அளவில், கவட்டு நோ முற்றாக இல்லாமல், நான்கு எண்ணிக்கை உதை ஆடாமல் வந்தால் ஒருவரைப் பாட் (உதை வாங்குகிற மெத்தை) பிடிக்கச் சொல்லி வேகமாக அடிக்கலாம். வலது கால் முன்னாலும் இடது கால் முன்னாலும் மாறி மாறி நின்று பழகுங்கள். நீங்கள் எப்போதும் இடது கால் முன்னாலேயே நிற்கிறீர்கள் என்றால், உங்கள் இடது உதை எல்லாம் முன்கால் உதை. பின்காலிலிருந்து இடுப்பை முழுதாகத் திருப்பி வருகிற இடது உதையை நீங்கள் பழகியே இருக்க மாட்டீர்கள்.

சோதனையைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். மூன்று மாதத்தில் இடது கால் காது வரை போகுமென்று நான் சொல்லமாட்டேன். மார்பு வரை ஒழுங்காகப் போய், இழுத்து, அதே நிலையில் நிற்கும் என்று சொல்வேன். உயரமாகப் போய்த் தள்ளாடுகிற உதையை விட அது எவ்வளவோ மேல். குமித்தே (இருவர் நேருக்கு நேர் மோதுகிற) போட்டியிலும் தலைக்கு அடித்தால் 3 புள்ளி, உடம்புக்கு அடித்தால் 2. அந்த 2 புள்ளி உதை உங்களுக்கு இரண்டு பக்கமும் இருந்தால் எதிராளிக்குத் தலையிடி. கட்டாக்களில் ஹெய்யான் யோண்டான் என்பது உங்களுக்குப் பாடமாக இருக்கும். அதில் யோக்கோ கெரி (பக்க உதை) இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று வருகிறது. கிழமைக்கு ஒரு தரம் அதை மட்டும் வீடியோ எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

மாஸ்டருக்கு எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். நோவை மறைத்துக்கொண்டு பழக வேண்டாம். "மாஸ்டர், சுளுக்கின வலது கால் இன்னும் பலம் பிடிக்கேல்லை, இரண்டு கிழமை அதைப் பார்த்துப்போட்டு வாறன்" என்று நேரே சொல்லுங்கள். உங்கள் அளவுகளைக் காட்டுங்கள். பிள்ளை முன்னேற வேண்டும் என்பதுதான் அவருக்கும் விருப்பம். அடிமட்டத்தில் தெரிகிற 3 சென்ரிமீற்றர் வித்தியாசத்தை யாரும் சாட்டு என்று சொல்ல முடியாது.

அந்தச் சுவர் அளவு, குதி உயர்த்தல், இரண்டையும் இன்றைய திகதி போட்டு எழுதி வையுங்கள். ஆறு கிழமை கழித்து அதே சுவரில் அளந்து, இரண்டு நாள் எண்களையும் எனக்கு எழுதுங்கள். கவட்டு நோ அதற்குள் எந்த நாளில் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.